முகமற்ற மனிதர்கள்: சோ சே ஓக்கின் மை ஓவியங்களில் உணர்ச்சியின் இருப்பிடம்

1. கேள்வி

கொரிய மை ஓவியர் சோ சே ஓக் (1929–2020) தம் கலை வாழ்வின் பிற்பாதியை ஏறக்குறைய ஒரே பொருளுக்குக் கொடுத்தார். அந்தப் பொருள் மனிதன். 1970களில் தொடங்கி, ‘மனிதர்கள்’ என்றும் ‘நடனமிடும் மனிதர்கள்’ என்றும் தலைப்பிட்டு அவர் வரைந்த தாள்கள் இன்று கொரிய நவீன மை ஓவியத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இவற்றில் வரும் எவருக்கும் கண் இல்லை, வாய் இல்லை, உடை இல்லை. ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா என்று சொல்ல வழியில்லை. தலை ஒரு புள்ளி அல்லது சிறு வளையம். உடல் ஒரு கோடு. கையும் காலும் அந்தக் கோட்டின் கிளைகள். சில தாள்களில் ஒரே ஓர் உருவம் நிற்கிறது. வேறு சிலவற்றில் பலர் கைகோத்து, கால்கோத்து, யாருடைய கை யாருடையது என்று பிரிக்க முடியாதபடி ஒரு வலையாகப் பின்னிக் கிடக்கிறார்கள்.

ஆனால் இவற்றைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் உணர்ச்சிகளின் பெயர்களையே பயன்படுத்துகிறார்கள்: களிப்பு, நெருக்கம், ஏக்கம், பரிவு, தனிமை. முகமே இல்லாத உருவத்தில் இவற்றை எங்கிருந்து படிக்கிறோம்? ஓவியத்தில் உணர்ச்சி முகத்தில்தான் குடியிருக்கிறது என்பது நெடுநாளைய நம்பிக்கை. அந்த வீட்டை இடித்துவிட்ட பிறகும் உணர்ச்சி எஞ்சுகிறது என்றால், அதன் இருப்பிடம் வேறெங்கோ இருக்க வேண்டும். அந்த இருப்பிடத்தைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு இதுவரை மூன்று வகையான விடைகள் சொல்லப்பட்டு வந்துள்ளன. ஓவியரின் உள்ளக்கிளர்ச்சி தூரிகை வழியே தாளில் இறங்கியது என்பது ஒன்று. எழுத்தறிஞர் மரபின் தியானநிலை கோடாக வெளிப்பட்டது என்பது மற்றொன்று. மானுட ஒற்றுமை என்ற இலட்சியத்தின் உருவகமே இவ்வோவியங்கள் என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றும் ஓவியத்தின் ஒரு முக்கியமான பகுதியைக் கவனிக்காமல் கடந்துவிடுகின்றன. இரண்டு உடல்கள் தொட்டுக்கொள்ளும் இடம் அது. சோ சே ஓக்கின் ஓவியங்களில் உணர்ச்சி தனிமனிதருக்குள் இல்லை, இரு மனிதர்களின் இணைப்பில் இருக்கிறது என்பதும், அந்த இணைப்பைப் பதிந்துவைக்கும் ஆற்றல் மைக்கும் தாளுக்கும் இயல்பாகவே உண்டு என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

2. முகத்தின் மரபும் முகமில்லாத மரபும்

முகத்தை நீக்குவது எவ்வளவு பெரிய முடிவு என்பதை உணர, கொரிய ஓவியம் முகத்துக்குக் கொடுத்திருந்த இடத்தைப் பார்க்க வேண்டும். நான்காம் நூற்றாண்டுச் சீன ஓவியர் கூ காய்ச்சி, உருவத்தை வரைந்து முடித்த பிறகும் ஆண்டுக்கணக்கில் கண்மணியைத் தீட்டாமல் விட்டுவைப்பார் என்று ஒரு செய்தி உண்டு. மனிதரின் உயிர்ப்பு அங்கேதான் வெளிப்படுகிறது என்பது அவர் கருத்து. ஜோசொன் அரச காலத்து (1392–1910) உருவப்பட ஓவியர்கள் இக்கொள்கையின் வாரிசுகள். முகத்தின் ஒரு முடி மாறினாலும் அது வேறொருவர் ஆகிவிடும் என்ற கண்டிப்போடு அவர்கள் வேலை செய்தார்கள். அம்மைத் தழும்பையும் தோல் நோயின் தடத்தையும்கூட மறைக்கவில்லை.

அந்த மரபின் உச்சம் யுன் டூ-சோ (1668–1715) வரைந்த தன்னுருவ ஓவியம். தாடி மயிர் ஒவ்வொன்றும் தனித்தனிக் கோடு. பார்ப்பவரை நேராக ஊடுருவும் கண்கள். உடையும் உடலும் இன்று வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மங்கிவிட, முகம் மட்டும் தாளில் தனித்து நிற்கிறது. உள்ளம் முழுதும் முகத்தில் திரண்டுவிட்டது என்ற நம்பிக்கைக்கு இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

அதே மண்ணில் வேறொரு வழியும் இருந்தது. அறிஞரும் எழுத்தோவியக் கலைஞருமான கிம் ஜோங்-ஹுய் (1786–1856) ஜேஜு தீவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்தபோது, 1844-இல் ‘செஹான்டோ’ என்ற ஓவியத்தை வரைந்தார். தம்மை மறவாமல் சீனத்திலிருந்து நூல்களைத் தேடிக் கொண்டுவந்து அனுப்பிய மாணவர் ஈ சாங்-ஜொக்குக்கு நன்றியாக அதைக் கொடுத்தார். குளிர்காலத்திலும் பசுமை மாறாத நான்கு மரங்கள், வட்ட வாயில் கொண்ட ஒரு வெற்று வீடு, அவ்வளவுதான். மனிதர் எவரும் இல்லை. ஈரம் வற்றிய தூரிகை தாளை உரசிச் சென்ற தடத்தில் தனிமையும் நன்றியும் சேர்ந்தே பதிந்துள்ளன. உணர்ச்சி முகத்தில் இல்லை; கோட்டின் வறட்சியில் இருக்கிறது.

இந்த இரு வழிகளுக்கும் இடையில் கிம் ஹோங்-டோ (பிறப்பு 1745) நிற்கிறார். அவருடைய பதினெட்டாம் நூற்றாண்டு வாழ்க்கைக் காட்சிகளில் மல்யுத்தம் பார்க்கும் கூட்டத்தின் முகங்கள் வியப்பையும் பதற்றத்தையும் காட்டுகின்றன. ஆனால் ஆடும் சிறுவனைக் காட்டும் ஓவியத்தில் நம் கண் முதலில் போவது முகத்துக்கல்ல. அவனுடைய உடையின் கோடுகள் தடித்தும் மெலிந்தும் திரும்புகின்றன. ஆட்டத்தின் வேகம் அந்தத் திருப்பங்களில் இருக்கிறது. சோ சே ஓக் முகத்தை நீக்கியபோது மரபை முறித்துக்கொண்டார் என்று சொல்வது பாதி உண்மையே. உருவப்பட மரபை அவர் கைவிட்டார். வறண்ட கோட்டின் மரபையும் ஆடும் கோட்டின் மரபையும் இறுகப் பற்றிக்கொண்டார்.

3. அருவத்துக்குப் போய்த் திரும்பியவர்

தேகு நகரில் பிறந்த சோ சே ஓக், விடுதலைக்குப் பிந்தைய கொரியாவின் முதல் தலைமுறைக் கலை மாணவர். 1946-இல் நிறுவப்பட்ட சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் கலைப்பள்ளியில் படித்து 1950-இல் பட்டம் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டே, முதலாம் தேசியக் கலைக் கண்காட்சியில் பிரதமர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அப்போது வயது இருபது. 1955 முதல் 1995 வரை தாம் படித்த பள்ளியிலேயே கற்பித்தார்.

அவருடைய தொடக்க ஆண்டுகளின் சூழலை மறந்தால் பிற்கால ஓவியங்கள் புரியாது. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில், 1922 முதல் 1944 வரை நடந்த அரசுக் கண்காட்சிகளில் நுண்ணிய வண்ணப் பூச்சு ஓவியங்களுக்கு மதிப்பு மிகுந்திருந்தது. 1945-க்குப் பிறகு அந்தப் பாணி ஆட்சியாளரின் நிழலாகப் பார்க்கப்பட்டது. மையும் கோடும் வெற்றுத் தாளும் தன்மானத்தின் மொழியாக மாறின. கலைப்பள்ளியின் தொடக்க ஆசிரியர்களுள் ஒருவரான கிம் யோங்-ஜூன் எழுத்தறிஞர் ஓவிய மரபை முன்னிறுத்திப் பேசியவர். கொரியப் போரின்போது அவர் வடக்கே போய்விட்டதால் தெற்கில் அவர் பெயர் பல்லாண்டுகள் உச்சரிக்கப்படாமலே கிடந்தது. அவர் விதைத்த எண்ணம் மட்டும் மாணவர்களிடம் தங்கியது.

1960-இல் சோ சே ஓக், தம் பள்ளியின் இளம் ஓவியர்களைச் சேர்த்து முங்னிம்ஹோ என்ற குழுவைத் தொடங்கினார். ‘மைக்காட்டுச் சங்கம்’ என்பது பெயரின் பொருள். 1964 வரை இயங்கிய இக்குழுவின் முயற்சி, மை ஓவியத்தை மலை–நீர்க் காட்சிகளிலிருந்தும் பூ–பறவைகளிலிருந்தும் விடுவித்து அருவத்துக்குக் கொண்டுபோவது. அதே ஆண்டுகளில் கொரிய எண்ணெய் வண்ண ஓவியர்கள் போரின் காயத்தோடு, தடித்த பூச்சும் கிழிசலுமான அருவ ஓவியங்களை வரைந்துகொண்டிருந்தார்கள். சோ சே ஓக்கின் இக்கால ஓவியங்கள் ‘புள்ளியின் மாறுபாடுகள்’, ‘கோட்டின் மாறுபாடுகள்’ போன்ற தலைப்புகளைக் கொண்டவை. மையின் சொட்டு, அதன் கசிவு, கசிவின் விளிம்பு ஆகியவையே இவற்றின் உள்ளடக்கம்.

வழக்கமான வரலாறு இங்கே ஒரு நேர்கோட்டை எதிர்பார்க்கும்: உருவத்திலிருந்து அருவத்துக்கு, அருவத்திலிருந்து மேலும் தூய அருவத்துக்கு. சோ சே ஓக் அந்தக் கோட்டில் போகவில்லை. 1970களில் புள்ளி தலையாயிற்று, கோடு உடலாயிற்று. அருவத்தில் கண்டறிந்த மையின் நடத்தையை அவர் மனிதனிடம் கொண்டுவந்தார். இதைப் பின்வாங்கல் என்று சொல்ல முடியாது. தனியே நின்ற புள்ளிக்கும் தனியே ஓடிய கோட்டுக்கும் இல்லாத ஒன்று, இரண்டு மனித உருவங்களை அருகருகே வைத்ததும் தோன்றிவிடுகிறது. அதுதான் உறவு. அருவ ஓவியங்கள் மை என்ன செய்யும் என்று கேட்டன. ‘மனிதர்கள்’ வரிசை மை யாருக்கிடையே அதைச் செய்யும் என்று கேட்டது.

4. மையும் தாளும் செய்யும் வேலை

விமர்சனங்கள் பெரும்பாலும் விரைந்து கடக்கும் இடம் இது. இங்கே சற்று நிற்க வேண்டும்.

மைக்கட்டி என்பது புகைக்கரியும் விலங்குப் பசையும் சேர்ந்தது. அதைக் கல்லில் நீர் விட்டு உரைக்க உரைக்க மை திரள்கிறது. நீரின் அளவைப் பொறுத்து ஆழ்ந்த கருமையிலிருந்து பனிப்படலம் வரை அத்தனை அடர்த்தியும் ஒரே கட்டியிலிருந்து கிடைக்கும். கொரியக் கைத்தாளான ஹான்ஜி, டாக் என்ற மரத்தின் பட்டை நாரிலிருந்து செய்யப்படுவது. நார் நீளமானது, தாள் மெல்லியதாக இருந்தும் வலுவானது. பதப்படுத்தாத தாளில் தூரிகை பட்டதும், பருத்தித் துணியில் எண்ணெய் படர்வதுபோல ஈரம் நாரின் வழியே பரவத் தொடங்கும். தூரிகை நின்ற இடத்தில் பரவல் அதிகம், ஓடிய இடத்தில் குறைவு. வேகம் கூடினால் நாரின் மேட்டில் மட்டும் மை ஒட்டி, பள்ளம் வெள்ளையாக நின்றுவிடும். போட்ட கோட்டை அழிக்க முடியாது, மேலே பூசி மறைக்கவும் முடியாது.

ஆகவே ஒவ்வொரு கோடும் கையின் வேகம், அழுத்தம், தயக்கம் ஆகியவற்றின் பதிவேடு. இது பலரும் சொன்னதுதான். அவ்வளவாகக் கவனிக்கப்படாத இன்னொரு குணம் இருக்கிறது. பதப்படுத்தாத தாளில் இரண்டு மைக்கோடுகள் குறுக்கிடும்போது, முதலில் போட்ட கோட்டின் பசை நாரை அடைத்துவிடுவதால், பின்னால் வரும் கோட்டின் மை அந்த இடத்தில் நன்றாக ஊறுவதில்லை. பெரும்பாலும் முதலில் போட்ட கோடே மேலே இருப்பதுபோலத் தெரியும். எண்ணெய் வண்ணத்தில் பிந்தியது முந்தியதை மூடும். மையில் முந்தியது பிந்தியதற்கு இடம் விடாது.

இதை மனதில் வைத்து, கைகோத்து நிற்கும் இரு உருவங்களைப் பாருங்கள். வலப்பக்க உருவத்தின் கைக்கோடு நீண்டு வருகிறது. இடப்பக்க உருவத்தின் கைக்கோடு எதிரே வந்து அதைச் சந்திக்கிறது. இரண்டும் ஈரமாக இருக்கும்போது சந்தித்தால், விளிம்புகள் ஒன்றில் ஒன்று கரைந்து ஒரு சிறு கருங்குளம் தேங்குகிறது. அங்கே இரண்டு கைகள் இல்லை, ஒரே முடிச்சு. ஒன்று உலர்ந்த பிறகு மற்றது வந்து தொட்டால் எல்லை தெளிவாக நிற்கிறது. தொடுதல் உண்டு, கரைதல் இல்லை. தூரிகை வறண்டு, வந்துசேரும் முன்பே மை தீர்ந்துபோனால் இரு கைகளுக்கும் நடுவே உடைந்த தடங்களும் ஒரு வெள்ளை இடைவெளியும் மிஞ்சுகின்றன; நீட்டிய கை எட்டவில்லை. யார் முதலில் கை நீட்டினார், யார் பின்னர் வந்து சேர்ந்தார், இருவரும் ஒரே நொடியில் சேர்ந்தார்களா என்பதையெல்லாம் தாள் பதிந்து வைத்துக்கொள்கிறது.

அரவணைப்பு, தயக்கம், எட்டாமை ஆகியவை இங்கே அடையாளங்களாகக் காட்டப்படவில்லை, நிகழ்ந்திருக்கின்றன. முகத்தின் மெய்ப்பாட்டை வரையும் ஓவியர் அணைப்பின் தோற்றத்தைத் தீட்டுகிறார். சோ சே ஓக்கின் தாளில் மையே மையை அணைக்கிறது, அல்லது அணைக்க மறுக்கிறது. இப்படிப்பட்ட ஓவியத்தில் முகம் இருந்திருந்தால் அது கவனத்தைத் திசைதிருப்பும் இடையூறாகவே இருந்திருக்கும். முகம் வந்ததும் நாம் ‘இவர் என்ன உணர்கிறார்’ என்று கேட்கத் தொடங்குவோம். முகம் இல்லாதபோதுதான் ‘இவர்களுக்கிடையே என்ன நடக்கிறது’ என்ற கேள்வி எழுகிறது.

5. மூன்று வாசிப்புகளின் வரம்பு

முதல் வாசிப்பு, இவ்வோவியங்களைப் போருக்குப் பிந்தைய உலக அருவக் கலையின் கிளையாகக் காண்கிறது. வேகமான கையசைவு, திருத்த முடியாத ஒரே வீச்சு, ஓவியரின் உடலே கருவியாதல் ஆகியவை ஐரோப்பிய, அமெரிக்க ஓவியர்களையும் நினைவூட்டுவது உண்மை. 1963-இல் சாவோ பாவ்லோ நகரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பெருங்கண்காட்சியில் அவர் பங்கேற்றதையும் இவ்வாசிப்பு சான்றாகக் கொள்ளும். ஆனால் ஓவியரின் அகக்கொந்தளிப்பே உள்ளடக்கம் என்றால் தாளில் ஓர் உருவம் போதும். சோ சே ஓக் மீண்டும் மீண்டும் பலரை வரைந்தார். இணைப்புகளை இத்தனை பொறுமையாக அமைத்தார். உள்ளிருந்து பீறிடும் உணர்ச்சிக்கு அடுத்தவரின் கை எதற்கு? இக்கேள்விக்கு அவ்வாசிப்பிடம் விடை இல்லை.

இரண்டாம் வாசிப்பு எழுத்தறிஞர் மரபை முன்வைக்கிறது. அவர் கவிதை எழுதியவர், எழுத்தோவியம் கற்றவர், சீனச் செவ்வியல் நூல்களில் தோய்ந்தவர். வெற்றிடத்துக்கு அவர் கொடுத்த மரியாதையை வேறெப்படியும் விளக்க முடியாது. இந்த வாசிப்பின் பலம் இது. ஆனால் எழுத்தறிஞர் மரபின் மையம் தனிமை. மலையடிவாரக் குடிலில் ஒருவர், அல்லது செஹான்டோவில் போல ஒருவரும் இல்லை. நட்பும் நன்றியும் அங்கே தொலைவைக் கடந்து செல்பவை. சோ சே ஓக்கின் மனிதர்கள் தொலைவைச் சகிப்பவர்களாகத் தெரியவில்லை. தோளோடு தோள் முட்டுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் ஏறுகிறார்கள். மரபின் தூரிகையை எடுத்து மரபு வரையாத ஒன்றை அவர் வரைந்தார் என்பதை இவ்வாசிப்பு மென்மையாக மூடிவிடுகிறது.

மூன்றாம் வாசிப்பு பரவலானது: எல்லைகளும் வேற்றுமைகளும் அற்ற மானுடம், ஒன்றே குலம். கண்காட்சிக் குறிப்புகளுக்கு இது வசதியான விளக்கம். ஆனால் இது எல்லா இணைப்புகளையும் ஒரே உணர்ச்சியாகத் தட்டையாக்குகிறது. கரைந்த கையும் எட்டாத கையும் ஒரே ‘ஒற்றுமை’ ஆகிவிட்டால், மை காட்டும் வேறுபாடு எதற்கும் பொருள் இல்லாமல் போகும். பின்னிய உடல்களின் வலையை உற்றுப் பார்த்தால், அதில் தாங்குபவரும் உண்டு, அழுத்தப்படுபவரும் உண்டு. கூட்டம் அரவணைக்கும், மூச்சுமுட்டவும் வைக்கும்.

6. லீ உங்நோ: ஓர் எதிர்ச்சோதனை

உணர்ச்சி இணைப்பில் இருக்கிறது என்ற வாதத்தைச் சோதிக்க, அதே கருவிகளோடு அதே பொருளை அணுகிய இன்னொருவரை அருகில் வைக்க வேண்டும். லீ உங்நோ (1904–1989) அதற்குப் பொருத்தமானவர். மரபு மை ஓவியத்தில் பயின்று, 1950களின் இறுதியில் ஐரோப்பா சென்று, பாரிஸில் குடியேறியவர். 1964-இல் அங்குள்ள செர்னுஸ்கி அருங்காட்சியகத்தில் கீழை ஓவியப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். 1967-இல் ‘கிழக்கு பெர்லின் விவகாரம்’ எனப்படும் உளவு வழக்கில் தென்கொரிய அரசு அவரைச் சியோலுக்கு வரவழைத்துச் சிறையிலடைத்தது. 1969-இல் விடுதலையாகும் வரை, கிடைத்ததைக் கொண்டு அவர் படைத்துக்கொண்டே இருந்தார். உணவுக்குத் தந்த சோற்றைச் செய்தித்தாளோடு பிசைந்து சிற்பம் செய்தார். சோயா சாஸை மையாக்கிக் கழிவறைத் தாளில் வரைந்தார்.

1980 மே மாதம் குவாங்ஜு நகரில் மக்கள் எழுச்சியை இராணுவம் குருதியில் மூழ்கடித்தது. அதன் பிறகு இறக்கும் வரை, அந்தப் பத்தாண்டு முழுவதும் லீ உங்நோ வரைந்தவை பெரும்பாலும் ‘கூட்டம்’ ஓவியங்கள். தாள் நிறைய நூற்றுக்கணக்கான சிறு மனிதர்கள். ஒவ்வொருவரும் நாலைந்து தூரிகை வீச்சுகள். முகம் இவர்களுக்கும் இல்லை. ஓடுகிறார்கள், கையுயர்த்துகிறார்கள், குதிக்கிறார்கள், ஆடுகிறார்கள். கொரியர்கள் இவற்றில் குவாங்ஜுவைக் கண்டார்கள். ஐரோப்பியப் பார்வையாளர்கள் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலங்களைக் கண்டார்கள். கொண்டாட்டத்தைக் கண்டவர்களும் உண்டு.

இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒரு கடுமையான ஆட்சேபம் எழுகிறது. ஒரே ஓவியத்தில் ஒருவர் படுகொலையையும் மற்றொருவர் திருவிழாவையும் காண முடியுமானால், உணர்ச்சி மையில் இல்லை, பார்ப்பவரின் வரலாற்றில்தான் இருக்கிறது என்றாகாதா?

ஆட்சேபத்தின் பாதியை ஏற்க வேண்டும். உணர்ச்சியின் பெயரை மை தருவதில்லை. பெயரைத் தருவது காலமும் தலைப்பும் பார்வையாளரின் நினைவும். ஆனால் பெயரிடுவதற்கு முன்பே தாளில் ஒன்று உறுதியாகிவிட்டது. லீ உங்நோவின் மனிதர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பற்றுவதில்லை. ஒவ்வொருவரும் தனித்தனிக் கறுப்பு. நடுவே சிறு வெண்மை. எல்லாரும் ஒரே காற்றில் அள்ளப்பட்டவர்கள்போல ஒரே விசைக்கு ஆட்படுகிறார்கள். ஊர்வலம், கலவரம், திருவிழா மூன்றுக்கும் பொதுவான அமைப்பு அதுதான்: அறிமுகமற்ற பலரை ஒரே விசை ஒரே நேரத்தில் இயக்குவது. சோ சே ஓக்கின் வலையில் விசை வெளியிலிருந்து வருவதில்லை; ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குக் கடத்தப்படுகிறது. அதை ஊர்வலமாக எவரும் வாசிப்பதில்லை. குடும்பம், சுற்றம், ஆட்டக்குழு என்றே வாசிக்கிறார்கள். பெயர்கள் மாறலாம், அவை மாறக்கூடிய எல்லையை இணைப்பின் வடிவம் வகுத்துவிடுகிறது.

7. மௌனம் பற்றி

லீ உங்நோவை அருகில் வைத்த பிறகு தவிர்க்க முடியாத கேள்வி இன்னொன்று. ‘மனிதர்கள்’ வரிசை உருவான 1970களும் 1980களும் தென்கொரியாவின் இராணுவச் சர்வாதிகார ஆண்டுகள். 1972-இல் யூஷின் அரசியலமைப்பு வந்தது. மாணவர்கள் சிறை சென்றார்கள். பல்கலைக்கழக வளாகங்களில் கண்ணீர்ப்புகை அடங்காத காலம் அது. மக்கள் கலை இயக்கத்தினர் மரச்செதுக்கு அச்சுகளிலும் பெருந்திரைகளிலும் உழவரையும் தொழிலாளரையும் முகத்தோடு வரைந்தார்கள். அவர்கள் கண்ணில், காலமும் வர்க்கமும் அற்ற மைமனிதர்கள் வரலாற்றிலிருந்து தப்பியோடியவர்கள். ஒரு தேசியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வரைந்தவை என்பது அந்தக் குற்றச்சாட்டைக் கூர்மையாக்கியது.

இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. முகம் என்பது உணர்ச்சியின் இடம் மட்டுமன்று, பொறுப்பின் இடமும்கூட. கொல்லப்பட்டவருக்கு முகம் வேண்டும், கொன்றவருக்கும் வேண்டும். முகத்தை நீக்கும் ஓவியம் அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாது. சோ சே ஓக்கின் ஓவியங்களில் சீருடை இல்லை, பதாகை இல்லை, துப்பாக்கி இல்லை. இதை அவருடைய கலையின் எல்லை என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அந்த எல்லைக்குள் அவர் என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வாதிகாரம் மக்களை வரிசையில் நிறுத்தும். ஒரே அளவில் வெட்டும். அதன் கூட்டத்தில் ஒருவரை எடுத்துவிட்டு இன்னொருவரை வைக்கலாம். சோ சே ஓக்கின் வலையில் அப்படி ஒருவரை எடுக்க முடியாது. ஒரு கையை நீக்கினால் அடுத்தவர் விழுவார், ஏனெனில் அது அடுத்தவரின் கையும்தான். முகமில்லாதவர்களையும் மாற்றிவைக்க முடியாதவர்களாக ஆக்கியது அவருடைய சாதனை.

அவருடைய மூத்த மகனும் புகழ்பெற்ற சிற்பியுமான டோ ஹோ சோ (பிறப்பு 1962) இக்கேள்வியை மறுமுனையிலிருந்து எடுத்துக்கொண்டார். அவருடைய ‘தரை’ என்ற படைப்பில் ஆயிரக்கணக்கான சிறு பிளாஸ்டிக் மனிதர்கள் உள்ளங்கைகளை உயர்த்திக் கண்ணாடித் தளத்தைத் தாங்குகிறார்கள்; பார்வையாளர் அதன் மேல் நடக்க வேண்டும். ‘சம்/ஒன்’ என்ற படைப்பில் எண்ணற்ற இராணுவ அடையாளத் தகடுகள் ஒன்றுசேர்ந்து ஒரு மாபெரும் அங்கியாகின்றன. தந்தையின் வலையில் மறைந்திருந்த எடை இங்கே வெளிப்படையாகிறது. கூட்டம் தாங்குகிறதா, மிதிபடுகிறதா என்ற ஐயம் மகனுடையது. அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு தந்தையின் தாள்களுக்குத் திரும்பினால், அங்கும் தாங்கும் கைகளும் அழுந்தும் தோள்களும் முன்னைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.

8. முடிவுரை

சோ சே ஓக் 2014-இல் தம் படைப்புகள் நூறைத் தென்கொரியாவின் தேசிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகத் தந்தார். அடுத்த ஆண்டு அதன் சியோல் கிளையில் அவருக்கான தனிக்கண்காட்சி நடந்தது. பரிசு பெற்ற தொடக்க ஓவியத்திலிருந்து ஏறத்தாழ எழுபது ஆண்டு உழைப்பு. அந்த உழைப்பை ‘மரபும் நவீனமும்’ என்ற பழகிய சொற்றொடருக்குள் அடக்கிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி. மை ஓவியத்துக்கு நவீன உலகில் இடமுண்டா என்ற கேள்வியை அவர் விவாதித்துத் தீர்க்கவில்லை; மையால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைக் கண்டுபிடித்துத் தீர்த்தார்.

அந்த ஒன்றை இப்படித் தொகுக்கலாம். உணர்ச்சி என்பது ஒருவருக்குள் நிறைந்து முகத்தில் வழிவது என்று நாம் பழகியிருக்கிறோம். இவ்வோவியங்கள் வேறொரு மனிதப் பார்வையை முன்வைக்கின்றன. உணர்ச்சி இருவருக்கிடையே உண்டாகிறது. அதற்கு வரிசையும் வேகமும் ஈரமும் உண்டு. ஒருவர் முந்தலாம், ஒருவர் பிந்தலாம், சில வேளை எட்டாமலே போகலாம். இதை வரைய முகம் தேவையில்லை, பிழையை மறைக்காத தாள் போதும். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும் வேலையை ஓவியம் நம்மிடம் விட்டுவிடுகிறது. அதன் வடிவத்தை மட்டும் விட்டுக்கொடுக்காமல் வைத்துக்கொள்கிறது.

மை ஓவியம் பற்றிய எழுத்து இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஆன்மா, தியானம், பிரபஞ்சம் என்ற பெருஞ்சொற்களுக்குத் தாவும் முன், இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்துக்குப் போக வேண்டும். எது முதலில் வந்தது, எது ஈரமாக இருந்தது, நடுவில் எவ்வளவு வெண்மை எஞ்சியது என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்கும் பொறுமை நமக்கு வாய்த்தால், சோ சே ஓக்கின் முகமற்ற மனிதர்கள் ஒரே மாதிரியானவர்கள் என்ற எண்ணம் நீங்கும். ஒவ்வொரு பிடியும் வேறு. ஒவ்வொரு பிடியிலும் வேறொரு கதை நடந்திருக்கிறது.